ஆறு வடியும்போது வலை: நைஜர் ஆற்றில் போசோ மக்கள் மீன் பிடிக்கும் முறை, ஒரு முழுமையான வழிகாட்டி

மாலி நாட்டு வரைபடத்தில் நைஜர் ஆற்றின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனால், நடுவில் ஓரிடத்தில் கோடு நூல் பிரிந்ததுபோல் ஆகிவிடும். ஜென்னே ஊர்ப்பக்கம் ஆறாக நுழைவது, வாய்க்காலும் ஏரியும் சதுப்புமாகச் சிதறி, டிம்பக்டு பக்கம் போய்த்தான் மறுபடி ஒன்றுகூடுகிறது. கடல் கிட்டத்திலேயே இல்லாத ஒரு டெல்டா. நல்ல வெள்ளம் வந்த வருடம் 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் பரவும். மோசமான வருடத்தில் அதில் பாதிகூடப் பரவாது.

இங்கே மீன்பிடியைக் குலத்தொழிலாக வைத்திருப்பவர்கள் போசோ மக்கள். அந்தப் பெயர் பம்பாரா மொழிக்காரர்கள் வைத்தது, மூங்கில் வீடு என்று பொருள் என்பார்கள். மீனோடு சேர்ந்து இடம் மாறுகிறவர்களுக்குப் பொருத்தமான பெயர்தான். ஜென்னே நகரத்தின் அடித்தளமே தப்பாமா என்ற போசோ பெண்ணைச் சுவருக்குள் வைத்துப் பலி கொடுத்து எழுப்பியது என்று ஒரு கதை இன்றும் அங்கே சொல்லப்படுகிறது. அந்த மண்ணில் முதலில் இருந்தவர்கள் யார் என்பதற்கு அவர்கள் காட்டும் சாட்சி அது.

அவர்களுடைய கருவிகளைப் பார்த்தால் நமக்கு ஆச்சரியம் எதுவும் இருக்காது. வீச்சு வலை, பறி, ஈட்டி, நாணல் தட்டி எல்லாம் நம் ஊர் ஆற்றங்கரையிலும் உண்டு. தண்ணீர் எந்த உயரத்தில் இருக்கும்போது எதைக் கையில் எடுப்பது என்பதில்தான் வித்தையே இருக்கிறது. அதனால் கருவி கருவியாகச் சொல்லாமல், தண்ணீரின் ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகப் போகிறேன்.

முதல் படி: தண்ணீரின் நாள்காட்டியைப் படிப்பது

இந்த டெல்டாவில் வெள்ளம் உள்ளூர் மழையால் வருவது கிடையாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கினி நாட்டு மலைப்பகுதியில் கொட்டும் மழைதான் நைஜரில் இறங்கி வருகிறது. நிலம் தட்டையாக இருப்பதால் தண்ணீர் அவசரப்படாது. மோப்தி நகரத்தில் ஆறு உச்சத்தைத் தொடும்போது அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். அப்போது அங்கே மழைக்காலமே முடிந்து வானம் வெளுத்திருக்கும். அதே வெள்ளம் டிம்பக்டு பக்கம் போய்ச் சேர டிசம்பர், ஜனவரி. அப்புறம் மெல்ல வடிந்து, ஏப்ரல் முதல் ஜூன் வரை ஆறு ஒல்லியாகக் கிடக்கும்.

மீனின் வருடமும் இதுதான். தண்ணீர் கரை ஏறிச் சமவெளியில் பரவத் தொடங்கியதும் மீன்கள் ஆற்றை விட்டு வெளியே வருகின்றன. கோடை முழுக்க மாடு மேய்ந்து சாணம் போட்ட நிலம், காய்ந்த புல், செத்த பூச்சி எல்லாம் நனைந்து உரமாகிறது. தண்ணீரோடு சேர்ந்து உயரும் பூர்கு என்ற மிதவைப்புல் குஞ்சுகளுக்கு மறைவிடம். அங்கேயே முட்டை, அங்கேயே வளர்ச்சி. சில மாதங்களில் தண்ணீர் திரும்புகிறது. மீன்கள் எல்லாம் ஆற்றுக்குத் திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் கட்டாந்தரையில் சாக வேண்டும். பரந்து வந்தவை திரும்பும்போது குறுகலான வாய்க்கால்கள் வழியாகத்தான் போயாக வேண்டும்.

போசோ மீன்பிடி முழுவதும் அந்தத் திரும்பும் பாதையில் உட்கார்ந்திருப்பதுதான். மீனைத் துரத்துவது ரொம்பக் குறைவு.

இரண்டாம் படி: தண்ணீரின் எஜமானரைப் பார்ப்பது

வலையை எடுத்துக்கொண்டு நேரே இறங்கிவிட முடியாது. ஒவ்வொரு நீர்ப்பகுதிக்கும் ஓர் எஜமானர் உண்டு. பம்பாரா மொழியில் ஜி திகி. ஜி என்றால் தண்ணீர், திகி என்றால் உரியவர். அந்த இடத்தில் முதலில் குடியேறிய குடும்பத்தின் மூத்தவர் இவர். தண்ணீரில் இருக்கும் தெய்வங்களோடு முதலில் உடன்படிக்கை செய்துகொண்டவர்களின் வாரிசு என்பது நம்பிக்கை.

இவருடைய வேலை பாதி பூசாரி வேலை, பாதி நிர்வாகம். சேவல் பலி கொடுப்பது அவர். எந்தக் குட்டையை எந்த நாளில் திறப்பது, எதுவரை மூடி வைப்பது, எந்தக் கருவி கூடாது, வெளியூர்க்காரர் எவ்வளவு பங்கு தர வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார். தெய்வக் குத்தம் என்ற பெயரில் ஒரு குட்டை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால், அத்தனை மாதமும் குஞ்சு மீன்கள் வளர்கின்றன. இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட்டால் பாதிச் செய்தி போய்விடும்.

1960-இல் மாலி விடுதலை பெற்ற பிறகு நீர்நிலைகள் அரசுடையவை, மீன்பிடிக்க உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்காக ஜி திகி காணாமல் போய்விடவில்லை. கையில் அரசு உரிமமும் வேண்டும், அவருடைய தலையாட்டலும் வேண்டும் என்று ஆனது. இரண்டும் மோதும் இடங்களில் சண்டைக்குக் குறைவில்லை.

மூன்றாம் படி: படகும் தங்குமிடமும்

போசோ படகு நீளமானது, ஒடுங்கியது, அடி தட்டையானது. முழங்கால் ஆழத் தண்ணீரில்கூட வழுக்கிக்கொண்டு போக வேண்டுமே. டெல்டாவில் இவ்வளவு பெரிய படகுக்கு வேண்டிய மரம் கிடைப்பது அரிது. தெற்கிலிருந்து வரும் ஆப்பிரிக்க மகோகனிப் பலகைகளை வைத்து, முன்பாதி ஒன்று பின்பாதி ஒன்று எனச் செய்து நடுவில் இணைப்பது பழைய முறை. ஆழம் குறைந்த இடத்தில் துடுப்பை விடக் கழிதான் உதவும். பின்னால் ஒருவர் கழியைத் தரையில் ஊன்றித் தள்ள, முன்னால் நிற்பவர் கையில் வலையோ ஈட்டியோ இருக்கும்.

வெள்ளம் வடிய வடியக் குடும்பத்தோடு இடம் பெயர்ந்து, கரை மேட்டில் புல்லும் பாயும் வைத்துக் குடிசை போடுவார்கள். இந்த முகாமுக்கு தாகா என்று பெயர். சட்டி பானை, கோழி, பிள்ளைகள், வலை எல்லாம் ஒரே படகில் வந்திறங்கும்.

நான்காம் படி: உச்ச வெள்ளத்தில் ஈட்டி

தண்ணீர் உச்சத்தில் இருக்கும்போது மீன் சமவெளி முழுக்கச் சிதறிக் கிடக்கும். வலை வீசினால் புல்தான் வரும். இது பெரிய வரும்படிக்கான காலம் அல்ல, வீட்டுக் குழம்புக்கான காலம்.

அப்போது எடுப்பது ஈட்டி. ஒரே முனையும் முள்ளும் உள்ளது ஒரு வகை, பல முனைகளை ஒரே கழியில் கட்டியது இன்னொரு வகை. படகு பூர்குப் புல்லுக்குள் சத்தமில்லாமல் நுழைகிறது. பார்க்க வேண்டியது மீனை அல்ல, புல்லை. காற்றில்லாத நேரத்தில் ஒரு தண்டு மட்டும் தனியாக நடுங்கினால் அடியில் ஏதோ உரசிப் போகிறது என்று அர்த்தம். மீன் கண்ணில் பட்டுவிட்டால் அது தெரியும் இடத்தில் குத்தக் கூடாது. தண்ணீர் ஒளியை வளைப்பதால் மீன் இருப்பதைவிட மேலே தெரியும். கண் சொல்லும் இடத்துக்குச் சற்றுக் கீழே குறிவைக்க வேண்டும். எவ்வளவு கீழே என்பது ஆழத்தைப் பொறுத்தது, அது கைப்பழக்கத்தில்தான் வரும்.

ஐந்தாம் படி: வாய்க்காலை அடைப்பது

இனி வருவதுதான் வருடத்தின் மையம். நான் அதிகம் சொல்ல விரும்புவதும் இதைத்தான். சின்ன வயதில் எங்கள் ஊர் வடிகாலில், வயல் தண்ணீரைத் திறந்துவிடும் நாளில் மடைவாயில் பறி வைத்துவிட்டுக் காத்திருப்போம். இரண்டு முழப் பறி, ஒரு முழ மடை. போசோக்கள் இதையே முழு வாய்க்காலின் அகலத்துக்குச் செய்கிறார்கள்.

சமவெளித் தண்ணீர் ஆற்றுக்கு இறங்கும் வாய்க்காலில் ஒரு குறுகலான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த வாய்க்காலை எந்தக் குடும்பம் அடைக்கலாம் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் உரிமை. புதிதாக ஒருவர் வந்து கழி ஊன்றிவிட முடியாது. தண்ணீர் வடியத் தொடங்கும் முன்பே முளைக்கழிகளை அடித்தாக வேண்டும். இழுப்பு வந்த பிறகு தனிக்கழி நிற்காது. ஆளுயரத்துக்கு மேற்பட்ட கழிகளை வாய்க்காலின் குறுக்கே வரிசையாகத் தரையில் இறக்கி, நீரோட்டத்தை எதிர்த்துச் சாய்வுக்கழிகளை முட்டுக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது தட்டி. நாணல் தண்டுகளை ஒரே அளவில் வெட்டிக் கயிறு பின்னிப் பாய்போலக் கோத்துவைத்திருப்பார்கள். தண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் விடும் இடைவெளிதான் எந்த மீன் மாட்டும், எந்த மீன் தப்பும் என்பதை முடிவு செய்கிறது. தட்டியை விரித்துக் கழிகளோடு கட்டுகிறார்கள். கீழ்விளிம்பு சேற்றில் புதைய வேண்டும். இங்கே ஒருவர் மூழ்கிக் கையால் தடவிப் பார்த்து, ஓட்டை இருந்தால் புல்லும் களிமண்ணும் வைத்து அடைப்பார். கரையோரமும் அப்படித்தான். தேளி மாதிரி மீன் காற்றைச் சுவாசிக்கும், ஈரமான தரையில் தவழ்ந்தும் போகும். கரையில் ஒரு சாண் விட்டால் அதற்கு அதுவே ராஜபாட்டை.

இப்போது வேலியில் வேண்டுமென்றே வாசல்கள் விடுகிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கூடு. இழுப்போடு வரும் மீன் தட்டியில் முட்டுகிறது. திரும்பிப் போக அதற்கு விருப்பமில்லை, பின்னால் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. தட்டியை ஒட்டியே பக்கவாட்டில் நகர்ந்து வழி தேடுகிறது. வாசல் தெரிகிறது, நுழைகிறது. கூட்டின் உள்வாய் புனல்போல உட்பக்கம் ஒடுங்கிப் போவதால் உள்ளே போவது சுலபம். வெளியே வர வேண்டுமானால் கூட்டின் நடுவில் தொங்கும் அந்தச் சிறு துளையைக் கண்டுபிடிக்க வேண்டும். மீன் சுவரை ஒட்டியே சுற்றுமே தவிர நடுவுக்கு வராது. பறி வைத்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

கூடுகளைத் தவறாமல் பார்க்க வேண்டும். நிறைந்த கூட்டில் மீன் நெரிந்து செத்தால், அந்த வெயிலில் நாற அதிக நேரம் ஆகாது. கூட்டைத் தூக்கும்போது அடிப்பக்கக் கட்டை அவிழ்த்துப் படகுக்குள் கொட்டுவார்கள். முதுகில் முள் இருக்கும் கெளுத்தி வகைகளைக் கை வைத்து அள்ளுவதில்லை. மின்கெளுத்தியும் இந்த ஆற்றில் உண்டு. ஒரு தடவை ஈரக்கையோடு தொட்டவர் அடுத்த தடவை கோலால்தான் புரட்டுவார்.

கூட்டிலும் வகை உண்டு. ஆள் நுழையும் அளவுக்குப் பெரியது முதல், ஒரு கையில் இரண்டு தூக்கக்கூடிய சின்னது வரை. சின்னதற்கு துரன்கோரோ என்று பெயர். குச்சி வளையத்தின் மேல் வலைத்துணி சுற்றியது. ஒரு குடும்பமே நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும். பெரும் பஞ்ச காலங்களுக்குப் பிறகு இது மிகவும் பரவியது, மலிவு என்பதால். வலைக்கண் சிறிதாகச் சிறிதாகக் குஞ்சும் தப்பாது. என் கணக்கில், தட்டி வேலியைவிட இந்தச் சின்னக் கூடுதான் ஆற்றுக்குப் பெரிய தலைவலி.

ஆறாம் படி: ஆற்றுக்குள், நிலாவைப் பார்த்து

வாய்க்கால்கள் வற்றியதும் மீன் ஆற்றுக்குள் வந்துவிடும். இங்கே போசோவும் சோமோனோவும் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்கிறார்கள். சோமோனோ என்பவர்கள் பம்பாரா பேசும் மீனவப் பிரிவினர். நடு ஆற்றின் ஆழத்தில் பெரிய இழுவலை போடுவது அவர்கள் வழக்கம். ஓரமும் ஆழமில்லாத இடமும் போசோக்களுடையது என்பது பழைய பங்கீடு. இன்று அவ்வளவு சுத்தமாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தப் பருவத்தின் செல்லப்பிள்ளை தினேனி. விரல் நீளத்தில் வெள்ளியாக மின்னும் சின்ன மீன். தண்ணீர் வடியும்போது கூட்டம் கூட்டமாக ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். ஏறுவதும் நிலாவின் கணக்கில்தான். வளர்பிறையின் பிற்பாதியில், பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் கூட்டம் அதிகம். மீனவர்கள் அந்த இரவுகளுக்கு வலையைத் தயாராக வைத்திருப்பார்கள். தினேனியைக் காயவைப்பது ஒரு வழி. கொப்பரையில் கொதிக்கவைத்து மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பது இன்னொரு வழி. சின்ன மீனுக்கு நிறையக் கொழுப்பு.

1947-இல் முடிந்த மார்க்காலா அணை இந்த ஏற்றத்தின் குறுக்கே நிற்கிறது. மேலே போக முடியாத மீன்கள் அணையடியில் திரளும். அங்கே பிடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம், அதற்கு மேலே இருப்பவர்களுக்குப் பட்டினி.

வீச்சு வலைக்கும் இதுவே காலம். படகின் முனையில் நின்று, வலையின் ஒரு பகுதியைத் தோளில் போட்டு, விளிம்பைப் பல்லில் கவ்வி, இடுப்பைத் திருப்பி விடுகிறார்கள். வட்டமாக விரிந்து விழ வேண்டும். முட்டை வடிவில் விழுந்தால் பாதி மீன் போச்சு. வலை அடியைத் தொட்டதும் உடனே இழுக்கக் கூடாது. ஈயக்குண்டுகள் தரையில் படிந்து சேரும்வரை பொறுத்து மெதுவாகச் சுருக்க வேண்டும். இதில் மாட்டும் பெரிய மீனுக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் கேப்டன். நம் கொடுவாவின் நெருங்கிய சொந்தம். மோப்தியில் விலை போகும் மீன் அது.

இரை இல்லாத தூண்டில்வரிசையும் உண்டு. ஒரு நீளக் கயிற்றில் நெருக்கமாக முள் கட்டித் தரையோரம் விடுகிறார்கள். அடியில் உரசிப்போகும் கெளுத்தி தானாகச் சிக்கிக்கொள்கிறது.

ஏழாம் படி: குட்டை திறக்கும் நாள்

ஏப்ரல், மே ஆகும்போது சமவெளியில் குட்டைகள் மட்டும் மிச்சம். திரும்பிப் போகத் தவறிய மீன் எல்லாம் அதில். ஜி திகி நாள் குறித்த பிறகு ஊரே இறங்கும். நம் ஊர்க் கண்மாயில் ஊத்தாவோடு ஓடும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான். கையில் மட்டும் வேறு கருவி: முக்கோணச் சட்டத்தில் கட்டிய இரண்டு கைவலைகள், ஒரு கைக்கு ஒன்று. சேற்றைக் கலக்கிக்கொண்டே வரிசையாக நடந்து, இரண்டு வலையையும் சிப்பி மூடுவதுபோல் சேர்த்துத் தூக்குகிறார்கள்.

தனியாக இதைச் செய்தால் பயனில்லை. வரிசையில் ஒருவருக்கொருவர் தோள் உரச நடந்தால்தான் ஒருவர் கையிலிருந்து நழுவியது பக்கத்தில் இருப்பவர் வலையில் விழும். தண்ணீர் கலங்கிப் பிராணவாயு குறையக் குறைய மீன்களும் மேலே வந்து வாய் பிளக்கும்.

இந்த வகையில் பேர் பெற்றது சான் நகரத்தின் சான்கே மோன். ஏழாவது சந்திர மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை, நகரம் நிறுவப்பட்டதன் நினைவாக நடக்கிறது. சேவலும் ஆடும் பலி கொடுத்த பிறகு சான்கே குட்டையில் 15 மணி நேரம் மீன்பிடிப்பு, முடிந்ததும் பொது மைதானத்தில் முகமூடி நடனம். 2009-இல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சான் டெல்டாவின் தெற்கு விளிம்பில் இருக்கிறது, அங்கே இறங்குபவர்கள் போசோ மட்டும் அல்ல.

எட்டாம் படி: புகையும் வண்டும்

பிடித்தது ஆண்களுடைய கணக்கு என்றால், இனி எல்லாம் பெண்களுடைய கணக்கு. பனிக்கட்டி இல்லாத முகாமில் மீனை அன்றே ஏதாவது செய்தாக வேண்டும். சின்னது பாயில் வெயிலில் காய்கிறது. பெரியது வயிறு கீறிக் குடல் எடுத்து மண்ணடுப்பின் மேல் கம்பி வலையில் புகை போடப்படுகிறது. தீ எரியக் கூடாது, புகைய வேண்டும். மேல்பக்கம் பொன்னிறமானதும் புரட்டுவார்கள்.

காய்ந்த மீனின் எதிரி வண்டு. சரியாகக் காயாத மீனில் வண்டின் புழுக்கள் புகுந்தால், மோப்தி படித்துறையில் மூட்டையைப் பிரிக்கும்போது எடை பாதிதான் இருக்கும். இதற்குப் பயந்து சிலர் பூச்சிமருந்தில் முக்குகிறார்கள். வாங்குபவருக்கு அது தெரியாது. நன்றாக உலர்த்தி, நன்றாகப் புகைபோட்டு, இறுக்கிக் கட்டுவதுதான் பழைய பெண்களின் வழி, அதற்கு விறகும் பொறுமையும் நிறைய வேண்டும். விறகு இன்று டெல்டாவில் மீனைவிடச் சிக்கலான சரக்கு.

மோப்தியிலிருந்து இந்த மூட்டைகள் ஐவரி கோஸ்ட், கானா வரைக்கும் போனவை.

மாறிப்போனவை

1950-களில் நைலான் வலை வந்தது. பருத்தி நூல் வலையை அடிக்கடி காயவைத்து, சாயமேற்றி, தைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் மீன்பிடி நேரமானது. பிறகு 1973-இலும் 1984-இலும் வெள்ளமே சரியாக வரவில்லை. வெள்ளம் குறைந்தால் முட்டையிட இடமில்லை, அந்த வருடத்துக் குஞ்சு இல்லையென்றால் அடுத்த வருடத்து மீனும் இல்லை. 1982-இல் மேலே செலிங்கே அணையும் சேர்ந்துகொண்டது. தண்ணீரைப் பிடித்து வைத்து மின்சாரத்துக்காகக் கோடையில் விடுவதால், உச்சம் தணிந்து அடிமட்டம் உயர்ந்தது. மீனுக்கு வேண்டியது நேர்மாறு. 2012-க்குப் பிறகு ஆயுதக் குழுக்களின் சண்டை டெல்டாவுக்குள்ளும் வந்துவிட்டது. இரவு வலை போடுவதே பல இடங்களில் உயிர்ப்பிரச்சினை.

ஒன்பதாம் படி: ஜூன்

கடைசி வேலை பிடுங்குவது. வாய்க்காலில் நிற்கும் கழிகளை ஆட்டி ஆட்டிச் சேற்றிலிருந்து எடுக்கிறார்கள். அழுகாத கழி தனியாக, அழுகியது விறகுக்கு. தட்டிகளைச் சுருட்டி மேட்டில் வைக்கிறார்கள். ஓட்டைப் படகு தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும், பலகை இடுக்கில் யாராவது துணி திணித்துக்கொண்டிருப்பார். வறண்ட சேற்றுக்குள் நுரையீரல் மீன் கூடு கட்டி உறங்குகிறது. மூச்சுத்துளை எங்கே என்று தெரிந்த பையன்கள் மண்வெட்டியோடு அலைவார்கள், வருடத்தின் கடைசிக் குழம்புக்கு. கினி மலையில் அப்போது முதல் மழை இறங்கியிருக்கும்.